வாக்குச்சீட்டு: அச்சாகும் முன்பே தீர்க்க வேண்டிய வழக்கு

இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்த 1951–52இல் வாக்காளரிடம் கொடுத்த சீட்டில் எந்த வேட்பாளரின் பெயரும் இல்லை, சின்னமும் இல்லை. அதில் முத்திரை குத்தும் வேலையும் கிடையாது. திரைக்குப் பின்னால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனியாக ஒரு பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். தமக்கு வேண்டிய சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்தால் வாக்களித்தாகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத நாட்டில், பதினேழு கோடிக்கும் அதிகமான வாக்காளர்களுக்காக, முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னும் அவருடைய அலுவலர்களும் கண்ட வழி அது. 1957 தேர்தலும் அப்படியே நடந்தது.

அந்த முறையின் ஓட்டைகள் விரைவிலேயே தெரிந்தன. உள்ளே போனவர் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் வைத்து வெளியே கொண்டுவந்து விலைக்கு விற்க முடிந்தது. பெட்டிக்குள் போடத் தெரியாமல் அதன்மேலேயே வைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. 1962 பொதுத்தேர்தலில் எல்லா வேட்பாளர்களும் ஒரே தாளுக்குள் வந்தார்கள். வாக்காளர் தாளில் முத்திரை குத்தத் தொடங்கினார். யார் பெயர் மேலே வருவது, ஒரே பெயரில் இருவர் நின்றால் என்ன செய்வது, ஒருவருடைய கட்டம் எங்கே முடிந்து அடுத்தவருடையது எங்கே தொடங்குகிறது, குத்திய மை கோட்டின்மேல் விழுந்தால் அது யாருக்கு என்ற கேள்விகளெல்லாம் அன்றிலிருந்துதான் சட்டத்தின் கேள்விகளாயின.

உலகம் முழுவதும் இந்தக் கேள்விகளுக்குச் சட்டங்கள் வெவ்வேறு பதில்களை எழுதி வைத்திருக்கின்றன. அவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. வாக்குப்பதிவில் நேரும் மற்றப் பிழைகளுக்கு ஏதோ ஒரு பரிகாரம் உண்டு: கள்ள ஓட்டைக் கண்டுபிடிக்கலாம், எண்ணிக்கையில் தவறு நடந்தால் திரும்ப எண்ணலாம். தாளின் அமைப்பு வாக்காளரைத் தவறான கட்டத்துக்கு இழுத்துப் போயிருந்தால் அதைத் திருத்த வழியே இல்லை. அவர் யாருக்குப் போட நினைத்தார் என்பதை இரகசிய வாக்குரிமை என்றைக்குமாக மூடிவிடுகிறது. அதனால்தான் வாக்குச்சீட்டின் வடிவம் பற்றிய சட்டம் முழு வேலையையும் அச்சகத்துக்குப் போகும் முன்பே செய்தாக வேண்டும் என்கிறேன். நம் சட்டம் அதை இன்னும் செய்யவில்லை.

சட்டம் சொல்வதும் விட்டுவைப்பதும்

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வாக்குச்சீட்டின் வடிவத்தைப் பற்றி மிகக் கொஞ்சமே பேசுகிறது. 38ஆம் பிரிவு வேட்பாளர் பட்டியலின் வரிசையைச் சொல்கிறது. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 30ஆம் விதி, தாளுக்கு ஓர் அடிக்கட்டை இருக்க வேண்டும், பெயர்கள் பட்டியலில் உள்ள வரிசையிலேயே வரவேண்டும், ஒரே பெயர் கொண்டவர்களைத் தொழில், ஊர் அல்லது வேறு ஏதாவது ஒரு வகையில் பிரித்துக் காட்ட வேண்டும் என்கிறது. வடிவம் எது, மொழி எது என்பதையெல்லாம் தேர்தல் ஆணையத்தின் உத்தரவுக்கு விட்டுவிடுகிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தின் மேல் பொருத்தும் தாளுக்கு 49பி விதி ஏறக்குறைய இதையே திரும்பச் சொல்கிறது. மீதி எல்லாம் ஆணையம் தேர்தல் நடத்தும் அலுவலர்களுக்குத் தரும் கையேட்டில்தான் இருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு வெள்ளைத் தாள், சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்புத் தாள் என்பது போன்ற விவரங்களை அங்கேதான் தேட வேண்டும்.

இந்தக் கையேட்டு விதிகளில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நெருக்கமான ஒன்று முதலெழுத்தைப் பற்றியது. அகரவரிசைப்படுத்தும்போது பெயருக்கு முன்னால் உள்ள முதலெழுத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பெயர் ஒன்றாகவே இருந்தால்தான் முதலெழுத்தைப் பார்த்து முன்பின் வைக்கிறார்கள். குடும்பப்பெயர் வழக்கம் இல்லாத நமக்கு இது நியாயமான ஏற்பாடு. 1961ஆம் ஆண்டு விதிகளிலேயே உள்ள இன்னொன்று, பட்டியல் இரண்டு மொழிகளில் தயாரானால் ஆணையம் குறிப்பிடும் ஒரு மொழியின் எழுத்து வரிசையையே பின்பற்ற வேண்டும் என்ற 10ஆம் விதி. சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆங்கில வரிசையில் கோபாலுக்குப் பின்னால் வரும் கண்ணன் தமிழ் வரிசையில் முன்னால் வந்துவிடுகிறார். ஆங்கிலத்தில் இரண்டாம் எழுத்துக்காரரான பாஸ்கரன், தமிழில் தங்கவேலுவுக்கும் கீழே இறங்கிவிடுகிறார். எழுத்தைத் தேர்ந்தெடுப்பவர் வரிசையையும் தேர்ந்தெடுக்கிறார்.

முதல் இடத்தின் மதிப்பு

வரிசைக்கு அவ்வளவு மதிப்பு உண்டா? ஆஸ்திரேலியாவில் 1937இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் செனட் தேர்தலுக்குத் தொழிற்கட்சி நிறுத்திய நான்கு பேர் அமோர், ஆம்ஸ்ட்ராங், ஆர்தர், ஆஷ்லி. அங்கே தாளில் குழுக்களின் இடத்தை அப்போது அகரவரிசைதான் முடிவு செய்தது. நான்கு பேரும் வென்றார்கள். 1940இல் அகரவரிசையை எடுத்துவிட்டுக் குலுக்கல் முறையைச் சட்டமாக்கினார்கள். ஆனால் குலுக்கல், யோகத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றுகிறதே ஒழிய, முதலிடத்தின் சாதகத்தை ஒழிப்பதில்லை. 2013இல் அதே மாநிலத்தில் 110 பேர் போட்டியிட்ட செனட் தேர்தலில், ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமான தாளின் முதல் பத்தி லிபரல் டெமாக்ரட்ஸ் என்ற சிறிய கட்சிக்குக் குலுக்கலில் கிடைத்தது. ஒன்பது சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கி ஓர் இடத்தையும் வென்றது. பெரிய கட்சியான லிபரல் கட்சியின் பெயரோடு அதன் பெயர் ஒத்திருந்ததும் முதலிடமும் சேர்ந்து செய்த வேலை அது என்று பலரும் கருதினார்கள். 2016இல் வந்த சீர்திருத்தம் தாளில் கட்சி இலச்சினைகளை அச்சிட அனுமதித்தது.

இந்தச் சிக்கலை டாஸ்மேனியா மாநிலம்தான் அடிவேரில் தொட்டது. நீல் ராப்சன் என்ற உறுப்பினர் கொண்டுவந்து, 1979இல் சட்டமான ஏற்பாட்டின்படி அங்கே ஒரே தொகுதிக்குப் பல வகைத் தாள்கள் அச்சாகின்றன. ஒவ்வொரு வகையிலும் ஒரு கட்சியின் வேட்பாளர்கள் இடம் மாறி வருகிறார்கள். முதல் இடத்தின் சாதகம் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. கலிபோர்னியாவில் பதவியில் இருப்பவர் பெயரை முதலில் போடும் வழக்கத்தை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1975இல் செல்லாது என்றது. அதன்பின் எழுத்துகளையே குலுக்கிப் போட்டு அதன்படி வரிசை அமைக்கிறார்கள். மாநிலம் முழுவதற்குமான பதவிகளுக்கு அந்த வரிசை வட்டாரம் வட்டாரமாகச் சுழல்கிறது. ஜெர்மனி இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. கடந்த தேர்தலில் அந்தந்த மாநிலத்தில் அதிக வாக்கு வாங்கிய கட்சி மேலே வரும். வாக்காளருக்குத் தெரிந்த கட்சிகளைத் தேட வேண்டியதில்லை என்ற வசதி அதில் உண்டு. வென்றவரை மேலும் உயர்த்தும் குறையும் உண்டு.

நம் நாட்டில் 1996 வரை எல்லா வேட்பாளர்களும் ஒரே அகரவரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டின் திருத்தம் அவர்களை மூன்று அடுக்காகப் பிரித்தது: முதலில் அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகள், அடுத்துப் பதிவு செய்தும் அங்கீகாரம் பெறாத கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் அகரவரிசை. வேட்பாளர் கூட்டத்தில் முக்கியப் போட்டியாளர்கள் தொலைந்துபோகாமல் காப்பது இதன் பயன். 2019 மக்களவைத் தேர்தலில் அம்மா மக்கள் முன்னேற்றக் கழகம் கட்சியாகப் பதிவாகாத நிலையில், உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் பரிசுப்பெட்டி என்ற பொதுச்சின்னம் அதற்குக் கிடைத்தது. இருந்தும் அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகளின் அடுக்கில்தான் நின்றார்கள். சின்னம் ஒன்றாகவும், இடம் தொகுதிக்குத் தொகுதி வேறாகவும் இருந்தது.

கீழ் அடுக்கில் இருப்பவர் வெல்லவே முடியாது என்று சொல்லவில்லை. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் 59 பேர் போட்டியிட்டார்கள், நான்கு இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை டி.டி.வி. தினகரனைத் தேடிக் கண்டுபிடித்து வாக்காளர்கள் வெற்றி பெறச் செய்தார்கள். யாருக்குப் போடுவது என்று முடிவு செய்துவிட்டு வருபவரை வரிசை அசைக்காது. முடிவு செய்யாமல் வருபவரையும், போட்டியிடும் யாரையும் தெரியாதவரையும்தான் அது அசைக்கும். அப்படிப்பட்டவர்கள் அதிகமாக இருப்பது உள்ளாட்சித் தேர்தலில். ஆகவே இந்தியாவில் சுழல் வரிசையை எங்காவது சோதிக்க வேண்டுமென்றால் அதை ஊராட்சியில் தொடங்கலாம் என்பது என் கருத்து. வாக்காளரே நேரடியாக முத்திரை குத்தும் தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒரு தாளில் வரும் பெயர்களும் அங்கே குறைவு.

ஒரே பெயர்

பெயர்க் குழப்பத்தில் நம் நாட்டின் அனுபவம் மிகப் பெரியது, மிகக் கசப்பானதும்கூட. கேரளத்தின் ஆலப்புழையில் 2004இல் வி.எம். சுதீரன் 1,009 வாக்குகளில் தோற்றார். முதலெழுத்து ஒன்று மட்டும் மாறிய அதே பெயரில் நின்ற சுயேச்சைக்கு 8,282 வாக்குகள் விழுந்திருந்தன. சத்தீஸ்கரின் மகாசமுந்தில் 2014இல் பாஜக வேட்பாளர் சந்துலால் சாகுவோடு, அதே பெயரும் அதற்கு மிக நெருங்கிய பெயரும் கொண்ட பத்துப் பேர் சுயேச்சைகளாக நின்றார்கள். அவர் வென்றது 1,217 வாக்கு வித்தியாசத்தில். 2024இல் இராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் போட்டியிட்ட முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்துக்கு எதிராகவும் அதே பெயரில், அதே முதலெழுத்தில் சிலர் நின்றார்கள். அவரும் சுயேச்சை என்பதால் அவர்களும் அவரும் தாளில் ஒரே அடுக்கில் அடுத்தடுத்து நின்றார்கள். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு மூன்றடுக்கு வரிசை ஒரு வேலியாக நிற்கிறது. சுயேச்சைக்கு அந்த வேலி இல்லை.

தொழிலையோ ஊரையோ சேர்த்துப் பிரித்துக் காட்டு என்கிற விதி, ஒரே பெயருக்குத்தான் பொருந்தும். முதலெழுத்தோ ஓர் எழுத்தோ மாறிய பெயரை அது தொடுவதில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் கண்பார்வை மங்கியவருக்கும் குழப்பம் தருவது அந்த ஓர் எழுத்து வித்தியாசம்தான். 2015 மே மாதம் முதல் அறிவித்த தேர்தல்களில் தாளில் வேட்பாளரின் புகைப்படத்தையும் அச்சிட ஆணையம் உத்தரவிட்டதற்கு இதுவே காரணம். முகம் தெரிந்த தலைவருக்கு அது பயன்படும். முதல்முறை நிற்பவருக்கு அந்த அளவு பயன்படாது.

பிரிட்டன் இதே சிக்கலை வேறு கோணத்திலிருந்து அணுகியது. 1872ஆம் ஆண்டின் வாக்குச்சீட்டுச் சட்டத்தால் இரகசிய வாக்கெடுப்பைக் கொண்டுவந்த அந்த நாட்டில், 1969 வரை தாளில் கட்சியின் பெயரையே போட முடியாது. அதன்பின் ஆறு சொற்களுக்குள் வேட்பாளர் தம்மைப் பற்றி ஒரு விவரம் தரலாம் என்றார்கள். 1994 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ரிச்சர்ட் ஹக்கெட் என்பவர் லிபரல் டெமாக்ரட் என்ற கட்சிப் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, 'லிட்டரல் டெமாக்ரட்' என்று தம்மை எழுதிக்கொண்டு நின்று 10,203 வாக்குகள் பெற்றார். லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் தோற்றது சுமார் 700 வாக்குகளில். நீதிமன்றம் முடிவை மாற்றவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1998இல், கட்சிகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. குழப்பம் தரும் விவரத்தைத் தாளில் போட முடியாது என்றும், பதிவான கட்சி தன் இலச்சினையைத் தாளில் அச்சிடலாம் என்றும் ஆனது. பிரிட்டன் 1998இல் எட்டிய இந்தத் தெளிவை நாம் 1951லேயே சின்னத்தின் மூலம் பெரும்பாலும் எட்டிவிட்டோம். 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணை அதை ஒழுங்குபடுத்தியது. உதயசூரியனும் இரட்டை இலையும் வாக்காளருக்குப் பெயரைவிட நம்பகமான அடையாளங்கள். ஆகவே சுயேச்சைகளுக்கான சின்னங்களில் ஒன்றுபோல இருக்கும் உருவங்களை நீக்குவதில்தான் நம் ஆணையம் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒரே பெயரும் ஒத்த சின்னமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் புகைப்படத்தாலும் வாக்காளரைக் காப்பாற்ற முடியாது.

தென்னாப்பிரிக்கா 1994 ஏப்ரலில் தன் முதல் பொது வாக்குரிமைத் தேர்தலில் கட்சிப் பெயர், இலச்சினை, தலைவரின் படம் எல்லாவற்றையும் வண்ணத்தில் அச்சிட்டது. தேர்தலைப் புறக்கணித்த இன்கத்தா கட்சி வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போட்டியிட ஒப்புக்கொண்டது. கோடிக்கணக்கான தாள்கள் அதற்குள் அச்சாகிவிட்டன. இன்கத்தாவின் பெயரைத் தனி ஒட்டுத்தாளாக அச்சிட்டு ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒட்டினார்கள். வடிவத்தின் கண்டிப்பைவிட, ஒரு தரப்பு மக்கள் தாளுக்குள் வந்துவிடுவது முக்கியம் என்று எடுத்த முடிவு அது. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

தாளே மனுவாகும்போது

1996இல் மூன்று தொகுதிகளில் மக்கள் வாக்குச்சீட்டையே தங்கள் கோரிக்கை மனுவாக ஆக்கினார்கள். ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகள் தங்கள் குறைகளைக் காட்டப் பெருங்கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். இறுதிப் பட்டியலில் 1,033 பேர். அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டாவில் தண்ணீர்ப் பிரச்சினைக்காக 480 பேர். பெல்காமில் மராத்தி எல்லைப் பிரச்சினைக்காக 456 பேர். மொடக்குறிச்சியில் வாக்குச்சீட்டு ஒரு தாளாக இருக்க முடியவில்லை, புத்தகமாகவே தைக்க வேண்டி வந்தது. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். வேட்பாளர்களில் பலருக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை, அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொள்ளவும் இல்லை.

நாடாளுமன்றம் உடனே விடை சொன்னது. மேலே சொன்ன மூன்றடுக்கு வரிசையும் அதே ஆண்டில் வந்த திருத்தம்தான். டெபாசிட் தொகை மக்களவைக்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும், சட்டமன்றத்துக்கு 250இலிருந்து 5,000 ஆகவும் உயர்ந்தது. பின்னால் 25,000, 10,000 என்று இன்னும் ஏறியது. அங்கீகாரம் பெறாதவரை முன்மொழியப் பத்து வாக்காளர்கள் வேண்டும் என்றும் ஆனது. தாளின் நீளத்துக்குச் சொன்ன விடை பணத்தின் வழியாக வந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. வசதியுள்ள விளையாட்டு வேட்பாளர் 25,000 ரூபாயைக் கட்டிவிடுவார், வசதியில்லாத உண்மையான வேட்பாளர் ஒதுங்கிவிடுவார். 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள், சோள விவசாயிகள் தங்கள் விலைக்கான போராட்டமாக மறுபடியும் திரண்டு நின்றார்கள். 185 வேட்பாளர்கள். இம்முறை தாள் புத்தகமாகவில்லை. ஒவ்வொரு சாவடியிலும் பன்னிரண்டு இயந்திரங்களைச் சேர்த்து வைத்தார்கள். 24 இயந்திரங்கள் வரை இணைத்து, யாருக்கும் வாக்கில்லை என்னும் நோட்டாவோடு 384 பேர் வரை கொள்ளும் புதிய வகை இயந்திரம் அப்போது வந்திருந்தது. கூட்டத்தைத் தாங்கும் தொழில்நுட்பம் வந்தபின் கூட்டத்தைத் தடுக்கும் கட்டணம் இவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டுமா என்பது மீண்டும் விவாதிக்க வேண்டிய கேள்வி.

முத்திரை விழும் இடம்

தாளில் முத்திரை குத்தும் முறைக்கு நம் விதிகள் பழுத்த அனுபவத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன. அம்புக்குறி கொண்ட சுழல்சிலுவை முத்திரையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தாளை மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டினால் அந்தச் சுவட்டின் சுழல் திசை மாறித் தெரியும். எது குத்தியது, எது ஒட்டியது என்று எண்ணுபவர் பிரித்துவிடலாம். வாக்காளரை அடையாளம் காட்டும் குறி, வேறு கருவியால் இட்ட குறி, ஒருவருக்கு மேல் இட்ட குறி, யாருக்கென்று சந்தேகம் தரும் குறி ஆகியவற்றை 56ஆம் விதி தள்ளுகிறது. ஆனால் குறி மங்கலாக இருக்கிறது, இரண்டு முறை விழுந்திருக்கிறது என்பதற்காக மட்டும், நோக்கம் தெளிவாக இருக்கும்போது, தள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. வாக்காளர் பக்கம் நின்று எழுதிய விதி அது. தமிழ்நாட்டின் ஊரகத் தேர்தலில் ஒருவர் நான்கு வண்ணத்தில் நான்கு தாள்களைக் கையில் வாங்கிப் போகிறார். அவற்றில் ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். வண்ணம் அங்கே எழுத்தின் வேலையைச் செய்கிறது.

வடிவமே தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று அமெரிக்காவின் புளோரிடா. 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் பாம் பீச் மாவட்டத் தேர்தல் அலுவலர் தெரசா லெபோர், முதியவர்கள் அதிகம் உள்ள இடம் என்பதால் எழுத்தைப் பெரிதாக்க விரும்பினார். பத்து வேட்பாளர்களையும் ஒரே பக்கத்தில் அடக்க முடியாமல் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, நடுவில் துளையிடும் வரிசையை அமைத்தார். ஆளுநரின் கட்சிக்கு முதலிடம் என்ற மாநில விதிப்படி புஷ் மேலே, அவருக்குக் கீழே கோர். இடது பக்கத்தில் இரண்டாவதாக இருந்த கோருக்கு உரிய துளையோ மூன்றாவது. இரண்டாவது துளை எதிர்ப்பக்கத்துப் புக்கானனுக்கு உரியது. யூத முதியவர்கள் நிறைந்த அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. அவற்றில் பல தமக்கானவை அல்ல என்று அவரே தொலைக்காட்சியில் சொன்னார். இரண்டு துளையிட்டதால் செல்லாமல் போனவை 19,000க்கும் மேல். மாநிலம் முழுவதும் புஷ் வென்ற வித்தியாசம் 537.

இதில் கவனிக்க வேண்டியது அந்த அலுவலரின் நல்லெண்ணம். வாக்காளருக்கு உதவ எழுத்தைப் பெரிதாக்கியதே கேட்டுக்கு வழியானது. மாதிரித் தாள் தேர்தலுக்கு முன்பே வெளியாகியிருந்தது, கட்சிகளும் பார்த்திருந்தன, யாரும் எதிர்க்கவில்லை. கட்சிக்காரர் மேசையில் வைத்து ஒரு தாளைப் பார்ப்பதும், வாக்காளர் சாவடியில் அவசரத்தில் அதைப் பயன்படுத்துவதும் வேறு வேறு. 2007இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் தொகுதி வாக்கையும் வட்டார வாக்கையும் ஒரே தாளில் இரண்டு பத்திகளாக வைத்தார்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் தள்ளப்பட்டன. அதன்பின் வந்த சுயேச்சையான ஆய்வு, இரண்டு வாக்குகளுக்கும் தனித்தனித் தாள் வேண்டும் என்றது. தவறான எண்ணத்தோடும் தாளை வடிவமைக்கலாம் என்பதற்கு 1938 ஏப்ரலில் ஹிட்லர் நடத்திய வாக்கெடுப்பைக் காட்டலாம்: 'ஆம்' என்பதற்குப் பெரிய வட்டம், 'இல்லை' என்பதற்குச் சிறிய வட்டம்.

நீதிமன்றம் எங்கே நிற்கிறது

தாள் தவறாக அமைந்தால் வழக்குப் போடலாமே என்று தோன்றும். நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளப்பட்ட பொன்னுசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1952 ஜனவரியில் தந்த தீர்ப்பு இன்றும் நிலைத்திருக்கிறது. தேர்தல் நடவடிக்கை தொடங்கிவிட்டால் அது முடியும்வரை நீதிமன்றம் தலையிட முடியாது. குறை எதுவாக இருந்தாலும் தேர்தல் முடிந்தபின் மனுவாகத்தான் வரவேண்டும். அரசியல் சாசனத்தின் 329ஆம் பிரிவு சொல்வது அதுவே. தேர்தல் நிற்காமல் நடக்க இது தேவை என்பதை ஏற்கிறேன்.

ஆனால் மனுவாக வரும்போது என்ன நடக்கிறது? விதிமீறல் நடந்தது என்று காட்டினால் போதாது, அதனால் முடிவு கணிசமாகப் பாதிக்கப்பட்டது என்று 100ஆம் பிரிவின்படி நிரூபிக்க வேண்டும். அதை நிரூபிப்பது மிகக் கடினம் என்றாலும், நிரூபிக்க முடியாத மனுதாரர் தோற்கவே வேண்டும் என்று 1954லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாளின் வடிவத்தால் எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்பதை யாரிடம் கேட்டு நிரூபிப்பது? வாக்காளரைக் கூண்டில் ஏற்றி யாருக்குப் போட நினைத்தீர்கள் என்று கேட்க இரகசியச் சட்டம் விடாது, விடவும் கூடாது. புளோரிடாவிலும் இதே சுவர்தான் குறுக்கே நின்றது. பாம் பீச் தாள் சட்டத்தைக் கணிசமாக மீறவில்லை என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2000 டிசம்பரில் வழக்கைத் தள்ளியது. சாவடியில் பெரும் பிழை நடந்தால் மறுவாக்குப்பதிவு வைக்க நம் சட்டத்தின் 58ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒரு சின்னம் அச்சில் விடுபட்டால் அது உதவும். எல்லாம் அச்சாகியும் வாக்காளரைத் தடுமாற வைத்த தாளுக்கு அது உதவாது.

வழக்கு எவ்வளவு தாமதமாக முடியும் என்பதற்கு இராதாபுரம் சாட்சி. 2016 சட்டமன்றத் தேர்தலில் மு. அப்பாவு அங்கே 49 வாக்குகளில் தோற்றார். 203 தபால் வாக்குகள் எண்ணப்படாமல் தள்ளப்பட்டிருந்தன. சீட்டோடு இணைத்த உறுதிமொழிப் படிவத்தில் தலைமையாசிரியர்கள் சான்றொப்பம் இட்டது செல்லாது என்பது காரணம். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2019 அக்டோபரில், சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை எண்ண உத்தரவிட்டது. எண்ணிக்கையும் நடந்தது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. யார் சான்றொப்பம் இட வேண்டும் என்பதைப் படிவம் எளிய தமிழில், கையெழுத்துக் கோட்டுக்குப் பக்கத்திலேயே சொல்லியிருந்தால் அந்த அரசு ஊழியர்களின் வாக்குகள் அன்றே எண்ணப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

செய்திருப்பதும் செய்ய வேண்டியதும்

நம் ஆணையம் சும்மா இருக்கவில்லை. யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் 49ஓ விதிப்படி சாவடி அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. அது இரகசியத்தை உடைக்கிறது என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், அந்த ஆண்டு முடிவதற்குள் ஐந்து மாநிலத் தேர்தல்களில் நோட்டா பொத்தான் வந்தது. 2015இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அதற்கு ஒரு சின்னமும் வரைந்து தந்தது. பார்வையற்றவர்களுக்காக இயந்திரத்தில் பிரெய்ல் எண்கள் இருக்கின்றன. 2025 செப்டம்பரில் வெளியான திருத்திய நெறிமுறையின்படி பீகார் தேர்தலிலிருந்து புகைப்படம் வண்ணத்தில் வருகிறது, படக் கட்டத்தில் நான்கில் மூன்று பங்கு முகமே இருக்க வேண்டும், வரிசை எண் 30 அளவில் தடித்த எழுத்தில், எல்லாப் பெயர்களும் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில், 70 ஜிஎஸ்எம் தாளில் அச்சாக வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றும் நல்ல மாற்றம். எழுத்தின் அளவை எண்ணால் குறித்ததை நான் குறிப்பாக வரவேற்கிறேன். அலுவலருக்கு அலுவலர் மாறும் இடம் அதுதான்.

குறை, இந்த மாற்றங்கள் எல்லாம் உத்தரவாக வந்தவை என்பது. நாளை வேறோர் உத்தரவு இவற்றை மாற்றலாம். வாக்காளர்களை வைத்துச் சோதித்த பின்னரே வடிவத்தை ஏற்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு விதிகளில் எங்கும் இல்லை. பிரிட்டனில் பொது வாக்கெடுப்பின் கேள்வி புரிகிறதா என்று தேர்தல் ஆணையம் பரிசீலித்துச் சொல்ல வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டின் சட்டம். 2016 வாக்கெடுப்புக்கு அரசு முதலில் எழுதிய கேள்வி ஐரோப்பிய ஒன்றியத்தில் 'தொடர வேண்டுமா' என்று மட்டும் கேட்டது. ஆணையம் அதை வாக்காளர்களிடம் சோதித்து, ஒருபக்கம் சாய்கிறது என்று கண்டு, 'விலக வேண்டுமா' என்பதையும் சேர்க்கச் சொன்னது. நாடாளுமன்றம் ஏற்றது.

நமக்கு இது இன்னும் எளிது. வேட்பாளர் பெயர்கள் மனுவை வாபஸ் பெறும் நாளில்தான் முடிவாகும், அதிலிருந்து குறைந்தது பதினான்கு நாள் கழித்துத்தான் வாக்குப்பதிவு. ஆனால் தாளின் சட்டகம் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவதில்லை. அதைத் தேர்தல் இல்லாத காலத்தில் கற்பனைப் பெயர்களோடு அச்சிட்டு, ஒரு கிராமத்திலும் ஒரு நகரத்திலும், எழுத்துக் கூட்டிப் படிப்பவர், முதியவர், பார்வை குறைந்தவர், முதல்முறை வாக்காளர் எல்லாரிடமும் கொடுத்து, எத்தனை பேர் தாங்கள் சொன்ன பெயருக்கே குத்தினார்கள் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை வெளியிடலாம். தபால் வாக்கின் உறுதிமொழிப் படிவத்துக்கும் இதையே செய்யலாம். ஒத்த பெயர்களும் ஒத்த சின்னங்களும் அடுத்தடுத்து வரும் தாள்களைத் தனியாகச் சோதிக்க வேண்டும். 30ஆம் விதியிலும் 49பி விதியிலும் தலா ஓர் உட்பிரிவு சேர்த்து, சோதனையில் தேறாத வடிவத்தை அச்சுக்கு அனுப்பக் கூடாது என்றும், ஒத்த பெயர் என்பதற்கு முதலெழுத்து நீங்கலாக ஒன்றாக இருக்கும் பெயர் என்றும் எழுதிவிட்டால் போதும். விதிகளைத் திருத்த ஆணையத்தைக் கலந்து மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டாலே நடந்துவிடும். 38ஆம் பிரிவைத் தொட வேண்டியதும் இல்லை.